கேள்வி-பதில்: மேய்ச்சல் நிலத்தின் எல்லை எங்கே?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் சுமார் 81 சதவீதம் வறண்ட மேய்ச்சல் நிலம் என்கிறார்கள். ஆண்டுக்கு 1,700 மி.மீ. மழை பெய்யும் வடகோடி டார்வின் வட்டாரமும் அந்த மேய்ச்சல் நில வரைபடத்துக்குள் இருக்கிறதே, எப்படி?

பதில்: மழையை மட்டும் பார்த்து அந்த எல்லையைப் போடவில்லை. வறட்சிக் குறியீடு என்று ஒன்று உண்டு: ஆண்டு மழையை, அந்த வெயிலுக்கு ஆவியாகக்கூடிய நீரின் அளவால் வகுக்க வேண்டும். 0.20-க்குக் கீழே வறண்டது, 0.50 வரை அரைவறண்டது. இதை மட்டும் நம்பினால் வடக்குப் புல்வெளிகள் விடுபட்டுப்போகும். அங்கே மழை சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். உழவு அரிது, மாடுகள் இயற்கைப் புல்லையே மேய்கின்றன. தென்மேற்கின் கோதுமைப் பட்டையிலோ பல இடங்களில் 300 மி.மீ. சொச்சம்தான் மழை, ஆனால் உழுத நிலம் என்பதால் அது வெளியே. ஆகவே நாட்டின் 89 உயிர்ச்சூழல் மண்டலங்களில் (தட்பவெப்பம், நிலம், தாவரம் ஒத்த பகுதிகள்) எவை பெரும்பாலும் இயற்கைத் தாவரமாகவே இருக்கின்றன என்று பார்த்து, முழு மண்டலங்களாகச் சேர்க்கிறார்கள். மாடே இல்லாத பாலைவனமும் இதில் அடங்கும்.

கேள்வி: எல்லையை அறியக் கள ஆய்வில் எதைப் பார்ப்பது?

பதில்: பல்லாண்டுப் புதர்களை. ஒருபருவப் புல் ஒரே மழையில் முளைத்து ஏமாற்றிவிடும். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் பச்சையும் அப்படித்தான். 1865-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளர் கோய்டர், வறட்சி தாக்கிய நிலத்தில் குதிரையில் சுற்றி, உவர்நிலப் புதரான சால்ட்புஷ் தொடங்கும் இடங்களை ஒட்டியே கோடு போட்டார். அதற்கு வடக்கே பயிர் வேண்டாம் என்றார். நாலு நல்ல மழை பார்த்ததும் 1874-இல் அரசு தடையை நீக்கியது. கோதுமை வடக்கே ஏறியது. 1880-களின் வறட்சியில் பண்ணைகள் பாழாயின. மழைத் தரவை 30 ஆண்டுக்குக் குறையாமல் எடுங்கள்; சராசரியோடு ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கத்தையும் கணக்கிடுங்கள்.

கேள்வி: கணினி வரைபடத்தில் மேய்ச்சல் நிலத்தின் பரப்பளவைக் கணக்கிட்டால் கூடுதலாக வருகிறது. ஏன்?

பதில்: இணைய வரைபடங்கள் உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறையான வெப் மெர்கேட்டரில் கட்டங்களை எண்ணியிருப்பீர்கள். 30 டிகிரி அட்சரேகையில் அது பரப்பை 33 சதவீதம் பெருக்கிக் காட்டும். டார்வினில் 5 சதவீதம்கூட இல்லை. எனவே ஒரே எண்ணால் வகுத்துத் திருத்த முடியாது. கணக்கிடும் முன்பே வரைபட அடுக்குகளை, பரப்பை மாற்றாமல் காட்டும் ஆல்பர்ஸ் முறைக்கு (ஆஸ்திரேலியாவுக்கான EPSG குறியெண் 3577) மாற்றுங்கள். மண்டல எல்லைகள் பருமட்டானவை. வேலித் தகராறுக்கு உதவாது.