மைக்ரான் கணக்கை எப்படி நம்புவது?

கேள்வி: மூளை நரம்பிழைகளின் தடிமனை டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. மைக்ரான் கணக்கில் சொல்லிவிடும் என்று படித்தேன். அதைச் சரிபார்க்கச் செயற்கை நாரை ஸ்கேன் செய்வார்களாமே, பிளாஸ்டிக் நாருக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ஸ்கேனர் இழையைப் பார்ப்பதே இல்லை. ஒரு வாக்செல், அதாவது படத்தின் மிகச்சிறிய கனசதுரக் கட்டம், பக்கத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர், இழைகளோ பெரும்பாலும் 1 மைக்ரானை ஒட்டியவை. தண்ணீர் மூலக்கூறுகள் சில பத்து மில்லிசெகண்டில் எவ்வளவு தூரம் அலைந்தன என்பதைத்தான் அது அளக்கிறது. தடிமன் என்று வருவது, அந்த சிக்னலுக்கு ஒரு கணித மாதிரியைப் பொருத்திக் கிடைக்கும் ஊகம். மாதிரி தப்பாக இருந்தாலும் எண் வந்துவிடும், நம்பும்படியாகவே வரும். அதனால் விடை முன்பே தெரிந்த ஒரு பொருள் வேண்டியிருக்கிறது. திசுவையே வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாமே என்றால், பதப்படுத்தும்போது அது சுருங்கிவிடும்.

டைனீமா போன்ற உள்ளே துளையில்லாத பிளாஸ்டிக் நார்களை இறுக்கிக் கட்டித் தண்ணீரில் மூழ்கடிப்பது ஒரு வழி. இழைகள் எந்தத் திசையில் போகின்றன என்று சோதிக்க அது போதும், ஆனால் உள்ளே தண்ணீர் இருக்காது. தடிமனைச் சோதிக்க உள்ளீடற்ற நார் வேண்டும்: உயர் மின்னழுத்தத்தில் பாலிமர் கரைசலை இழுத்து, சில மைக்ரான் அளவில் நுண்குழாய்களாக நூற்கிறார்கள். குறுக்கே வெட்டி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் விட்டங்களை அளந்து, ஸ்கேனர் தந்த எண்ணோடு வைத்துப் பார்ப்பார்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பெரிய குழாயில் தண்ணீர் அதிகம், சிக்னலில் அதன் பங்கும் அதிகம். அதனால் ஸ்கேனர் எண் சாதாரண சராசரியைவிடக் கூடவே வரும். அது பிழை இல்லை, பெரிய குழாய்களுக்கு அதேபோல அதிக எடை கொடுத்துக் கணக்கிட்ட சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். அப்புறம் வெப்பநிலை: தண்ணீரின் பரவல் 0 டிகிரியில் மில்லிசெகண்டுக்குச் சுமார் 1.1 சதுர மைக்ரான், 20 டிகிரியில் சுமார் 2. அதைக் குறித்துவைக்காத அளவீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குழாய்க்குள் காற்றுக்குமிழி சிக்கினால் காந்தப்புலமே கலைந்துவிடும்.

சரி, நாரில் தேறினால் மூளையிலும் சரியா? இல்லை. நார்ச்சுவர் உயிருள்ள சவ்வு போல நடந்துகொள்ளாது, நரம்பிழையைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையான மயலினில் இருக்கும் தண்ணீரும் அதில் கிடையாது. ஆனால் நாரிலேயே தோற்கும் முறையை மூளையில் நம்பவே கூடாது. மருத்துவமனை ஸ்கேனர்களின் கிரேடியன்ட், அதாவது தண்ணீரின் அலைவை அளக்க இடத்துக்கு இடம் மாற்றப்படும் காந்தப்புலத்தின் வலிமை, வழக்கமாக மீட்டருக்கு 40 முதல் 80 மில்லிடெஸ்லா. அதில் 1 மைக்ரான் குழாயையும் 2 மைக்ரான் குழாயையும் பிரித்தறிய முடியாது. அப்படிப்பட்ட ஸ்கேனரில் 1 மைக்ரான் இழையை அளந்ததாக யாராவது எழுதினால் நான் நம்பமாட்டேன், நீங்களும் நம்பவேண்டாம்.