வெளிநாட்டில் தேய்க்க எந்த கார்டு?

சிங்கப்பூருக்கு நால்வர், 5 நாள். ஃபாரெக்ஸ் கார்டா (வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றி வைக்கும் கார்டு), கிரெடிட் கார்டா? வங்கியில் ஃபாரெக்ஸ் கார்டுதான் என்கிறார்கள்.
– வாசகி, திருச்சி

சொல்லத்தான் செய்வார்கள். பணம் ஏற்றும் விகிதத்திலேயே அவர்களுக்கு லாபம் வந்துவிடுகிறது. இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள், வேறு வேறு பையில். கடைக்கும் ஓட்டலுக்கும் மார்க்கப் (வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி போடும் கூடுதல் கட்டணம்) இல்லாத கிரெடிட் கார்டு, ரொக்கம் எடுக்க ஃபாரெக்ஸ் கார்டு. வழக்கமான கிரெடிட் கார்டில் மார்க்கப் 3.5%; அதற்கு 18% ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 4.13%.

ஃபாரெக்ஸ் கார்டில் சிங்கப்பூர் டாலரையே ஏற்றுங்கள். அமெரிக்க டாலரை ஏற்றிக்கொண்டு போய் அங்கே தேய்த்தால் ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றும் கிராஸ் கரன்சி கட்டணம் தனி. 'எங்கேயும் செல்லும்' என்ற பேச்சை நம்பி நானும் அப்படி ஒன்று வாங்கியதுண்டு. ஓட்டல் டெபாசிட்டுக்கு ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுக்காதீர்கள். அவர்கள் முடக்கும் தொகை விடுபடப் பல நாள் ஆகும், அதுவரை உங்கள் பணம் உங்களுக்கு உதவாது.

சிங்கப்பூர் மெட்ரோ ரயிலான எம்ஆர்டியில் கிரெடிட் கார்டைத் தட்டியே போகலாம், வெளிநாட்டு கார்டுக்குப் பயன்படுத்தும் நாளொன்றுக்கு 60 சென்ட் கூடுதல். ஒரு கார்டில் ஒருவர்தான் போக முடியும்.

அவசரத்துக்கு வெளிநாட்டில் கிரெடிட் கார்டில் ஏடிஎம்-மில் பணம் எடுக்கலாமா?
– வாசகர், ஈரோடு

வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதற்கு மேல் ரொக்கக் கட்டணம், மார்க்கப்.

ஓட்டல் பில் 400 சிங்கப்பூர் டாலர். மெஷினில் ரூபாயில் தொகை வந்தது, வசதிதானே என்று ஓகே கொடுத்தேன். எங்கே ஏமாந்தேன்?
– வாசகர், மதுரை

அந்த ஓகேயில்தான். நம்மவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இது. பெயர் டிசிசி (டைனமிக் கரன்சி கன்வர்ஷன்). கடைக்காரரின் வங்கியே ரூபாயாக மாற்றித் தருகிறது, விகிதமும் அவர்கள் வைத்ததே. ஒரு டாலர் 65 ரூபாய் என்று வைத்தால் உங்கள் பில் 26,000. அவர்கள் 5% ஏற்றினால் 27,300. தொகை ரூபாயில் இருந்தாலும் கடை வெளிநாட்டில் இருப்பதால், நம் வங்கிகள் பலவும் 1% கட்டணமும் ஜிஎஸ்டியும் போடும். மொத்தம் சுமார் 27,622. அதே பில்லை டாலரில் தேய்த்திருந்தால் 3.5% மார்க்கப் கார்டில்கூட சுமார் 27,074. மார்க்கப் இல்லாத கார்டில் 26,000 மட்டும். அப்படி ஒரு கார்டைத் தேடிப்பிடித்து வாங்கிவிட்டு மெஷினில் ரூபாயை அமுக்குகிறவர்களை என்ன சொல்ல?

எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டு நாணயத்தையே அமுக்குங்கள். ஏடிஎம்-மிலும் இதே கேள்வி வரும். 'டிக்லைன் கன்வர்ஷன்' (ரூபாயாக மாற்ற வேண்டாம்) அமுக்கினால் பணம் வராது என்று பயப்பட வேண்டாம், ரத்தாவது அவர்களின் மாற்று விகிதம் மட்டும்தான். கேட்காமலே ரூபாயில் போட்டுவிட்டால், கவுன்டரை விட்டு நகராமல் அதை ரத்து செய்து டாலரில் போடச் சொல்லுங்கள். தேர்வை உங்களிடம் விடுவது விசா, மாஸ்டர்கார்டு விதி. நீங்களே ஓகே கொடுத்த பில்லில் வாதாட இடமில்லை.

பாங்காக் போய் இறங்கியதும் புது கார்டு வேலை செய்யவில்லை. வங்கி ஏமாற்றிவிட்டதா?
– வாசகர், கோவை

இல்லை. 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புது கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வரும். வங்கி ஆப்பில் 'இன்டர்நேஷனல்' பகுதியை நீங்கள்தான் திறக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் 2 நிமிட வேலை.

ஊர் திரும்பிய மறுநாள் என் கிரெடிட் கார்டில் யூரோவில் இரண்டு செலவுகள். ஓடிபி வரவே இல்லை. உங்கள் கவனக்குறைவு என்கிறது வங்கி.
– வாசகி, சேலம்

உங்கள் மீது தவறில்லை அம்மா. வெளிநாட்டுத் தளங்கள் பல ஓடிபி கேட்பதே இல்லை. கவனக்குறைவு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி; 2017-ம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை கொண்டுவந்த விதி அப்படித்தான் சொல்கிறது. தகவல் வந்த 3 வேலைநாளுக்குள் புகார் கொடுத்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். இன்றே கார்டை முடக்குங்கள், 'இந்தச் செலவு என்னுடையதல்ல' என்று மறுக்கும் டிஸ்ப்யூட் படிவம் கொடுத்து புகார் எண் வாங்குங்கள், பாஸ்போர்ட்டில் திரும்பி வந்த முத்திரைப் பக்கத்தையும் இணையுங்கள். போனில் பேசியதை மின்னஞ்சலிலும் எழுதிப் போடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலும், வந்த பதில் ஏற்கும்படி இல்லையென்றாலும், வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு ஆன்லைனில் அனுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.