முகமூடி போட்ட கோல்கீப்பர்: ஜாக் பிளான்ட் பற்றிய கேள்வி பதில்

கனடாவின் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் ஜாக் பிளான்ட் (1929–1986) பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளை எல்லாம் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். பல வருடங்களாக நான் தேடித் தேடிப் படித்த மனிதர் இவர்.

கேள்வி: எனக்கு ஐஸ் ஹாக்கி சுத்தமாகத் தெரியாது அண்ணா. கோல்கீப்பர் வேலையில் அப்படி என்ன பெரிய கஷ்டம்?

கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம். அதை நோக்கி வருவது பந்து இல்லை, பக். 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், சுமார் 170 கிராம் எடை உள்ள கெட்டி ரப்பர் வில்லை. துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன்னால் அதை உறைய வைப்பார்கள். நல்ல ஆட்டக்காரர் ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

பிளான்ட் ஆட வந்த 1950களில் கோல்கீப்பர்கள் இதை வெறும் முகத்தோடு எதிர்கொண்டார்கள். பெரிய லீக்கான என்.எச்.எல்.லில் அப்போது ஆறே அணிகள், அணிக்கு ஒரு கோல்கீப்பர். ஆக, இருந்ததே ஆறு வேலைதான். அடிபட்டு உட்கார்ந்தால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வந்துவிடுவார். அதனால் தையல் போட்டுக்கொண்டு அதே இரவில் திரும்ப வந்து நிற்பார்கள். பிளான்டுக்கே 1952இல் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியில் முதல் வாய்ப்பு கிடைத்தது, அப்போதைய கோல்கீப்பர் கெர்ரி மெக்நீல் காயம்பட்டதால்தான்.

கேள்வி: அவருக்கு ஆஸ்துமா இருந்ததாமே? அதோடு எப்படி விளையாட்டுக்கு வந்தார்?

ஆஸ்துமாவால்தான் கோல்கீப்பர் ஆனார். கியூபெக் மாகாணத்தில், 11 பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பத்தில் மூத்தவர். அப்பா தொழிற்சாலைத் தொழிலாளி. மற்ற பையன்களைப் போல நெடுநேரம் சறுக்கி ஓடினால் மூச்சு இரைக்கும், அதனால் கோலில் போய் நின்றார். பதின்வயதில் ஊர் ஃபேக்டரி அணிக்கு ஆடும்போது, ஆட்டத்துக்கு 50 சென்ட் கூலி கேட்டு வாங்கியிருக்கிறார். "மற்றவர்களிடம் சொல்லாதே" என்ற நிபந்தனையோடு!

வீட்டில் அம்மாவிடம் பின்னல் கற்றுக்கொண்டு, குளிருக்கான கம்பளித் தொப்பிகளைத் தானே பின்னுவார். பெரிய ஆட்டக்காரர் ஆன பிறகும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. பின்னிய தொப்பியோடே கோலில் நிற்பார். கனேடியன்ஸுக்கு வந்ததும் பயிற்சியாளர் டிக் இர்வின் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

கேள்வி: முகமூடி போட்ட அந்த இரவில் என்னதான் நடந்தது? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

1959 நவம்பர் 1. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிரணி ரேஞ்சர்ஸின் ஆன்டி பாத்கேட் அடித்த பக் பிளான்டின் முகத்தில் பட்டது. மூக்கு கிழிந்து, ஐஸ் முழுக்க ரத்தம். உள்ளே அழைத்துப் போய்த் தையல் போட்டார்கள். ஆட்டம் நிற்கிறது, அரங்கம் காத்திருக்கிறது.

பயிற்சியாளர் டோ பிளேக்கிடம் பிளான்ட் சொன்னது ஒன்றுதான்: முகமூடி போட விட்டால் வருகிறேன், இல்லாவிட்டால் இல்லை. பிளேக்குக்கு முகமூடியே பிடிக்காது. கோல்கீப்பர் பயந்துவிட்டார் என்று ஆகிவிடும், கீழே காலடியில் கிடக்கும் பக் தெரியாது என்பது அவர் கட்சி. ஆனால் வேறு வழியில்லை. மாற்று கோல்கீப்பரைக் கூட்டிக்கொண்டு போகும் வழக்கம் அப்போது கிடையாது. காயம் ஆறும்வரை மட்டும் என்று சொல்லி ஒப்புக்கொண்டார். அன்றைக்கு 3–1 என்று கனேடியன்ஸ் ஜெயித்தது.

அந்த முகமூடி அன்றைக்குத் திடீரென்று வந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பயிற்சியில் பக் பட்டு இரண்டு கன்ன எலும்புகளும் வெவ்வேறு சமயங்களில் உடைந்து, சைனஸ் அறுவைச் சிகிச்சையும் ஆகி, பல வருடங்களாகப் பயிற்சியில் முகமூடி போட்டுத்தான் ஆடிக்கொண்டிருந்தார். அடுத்து, ஃபைபர்கிளாஸ் கம்பெனியில் வேலை பார்த்த பில் பர்ச்மோர் முகத்தோடு ஒட்டிய மாதிரி ஒன்று செய்து தருகிறேன் என்று முன்வந்தார். பிளான்ட் வாயில் உறிஞ்சுகுழல்களை வைத்து மூச்சு விட்டபடி படுத்திருக்க, முகத்தின் மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்தார்கள். அதில் வார்த்த முகமூடிதான் அன்றிரவு வெளியே வந்தது.

கேள்வி: காயம் ஆறியதும் கழற்றினாரா?

கழற்றவில்லை, அணியும் தோற்கவில்லை. தொடர்ந்து 18 ஆட்டம் தோல்வியே இல்லை. 1960 மார்ச் 8 அன்று டெட்ராய்ட்டுக்கு எதிராக, பிளேக் வற்புறுத்தியதால் ஒரே ஒரு ஆட்டம் முகமூடி இல்லாமல் நின்றார். 0–3 என்று தோற்றார்கள். அடுத்த ஆட்டத்தில் முகமூடி திரும்பி வந்துவிட்டது. அந்த வருடப் பிளேஆஃபில், அதாவது சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில், எட்டு ஆட்டம், எட்டும் வெற்றி. 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஸ்டான்லி கோப்பைகள் (என்.எச்.எல். சாம்பியனுக்குக் கிடைப்பது), இன்றுவரை வேறு எந்த அணியும் தொடாத சாதனை.

கேள்வி: முதன்முதலில் முகமூடி போட்டவர் அவர் இல்லை என்று படித்தேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 1930இல் கிளின்ட் பெனடிக்ட் தோல் முகமூடி ஒன்றைச் சில ஆட்டங்களில் போட்டுவிட்டு விட்டுவிட்டார். பிளான்ட் விடாமல் போட்டு, அதோடு ஜெயித்தும் காட்டினார்.

கேள்வி: வெறும் முகமூடிக்காக மட்டும்தான் அவரைக் கொண்டாடுகிறார்களா?

இதுதான் எனக்கு மனத்தாங்கல். முகமூடியை எடுத்துவிட்டாலும் பிளான்ட் பெரிய ஆள். கோலை விட்டு வெளியே வந்து, வலைக்குப் பின்னால் போகும் பக்கை நிறுத்தித் தன் ஆட்களுக்குத் தள்ளிவிடும் வேலையை வழக்கமாக்கியவர் அவர். அதற்கும் காரணம் இருந்தது. இளம் வயதில் ஆடிய அணியில் தடுப்பாட்டக்காரர்கள் சுமார்தான், ஒருவருக்குப் பின்பக்கமாகச் சறுக்கவே வராது. பக்கை எடுக்கத் தானே போவது மேல் என்று முடிவு செய்தார்.

கண் அவ்வளவு கூர்மை. சில ரிங்குகளில் (ஆட்டம் நடக்கும் ஐஸ் தளங்களில்) கோலின் மேல்கம்பி தாழ்ந்திருக்கிறது என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. அளந்து பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி! ரிங்குக்கு ரிங்க் கோலின் உயரம் மாறியிருந்தது. கோல்கீப்பருக்குத் துணிச்சல் வேண்டும்தான். ஆனால் பிளான்டின் ஆட்டத்தில் நான் பார்ப்பது கவனிப்பும் கணக்கும். அவரைக் கோழை என்று சொன்னவர்கள் இதைப் பார்க்கத் தவறிவிட்டார்கள்.

கேள்வி: மான்ட்ரியலை விட்டுப் போனபின் சரிவுதானா?

சரிவு அதற்கு முன்பே ஒருமுறை வந்தது. 1960–61இல் முழங்கால் கோளாறு, கீழ்நிலை அணிக்கு அனுப்பினார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் அடுத்த சீசனில் 70 ஆட்டமும் ஆடி, லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையை வாங்கினார். அடுத்து ஒரு கோல்கீப்பருக்கு அது கிடைத்தது 1997இல், டொமினிக் ஹாஷெக்குக்கு.

1963இல் நியூயார்க்குக்கு மாற்றினார்கள். 1965இல் ஓய்வு. லீக் பெரிதானதும் 1968இல் செயின்ட் லூயிஸ் ப்ளூஸுக்காகத் திரும்பி வந்து, 40 வயதில் சக கோல்கீப்பர் கிளென் ஹாலோடு சேர்ந்து, கோல்கீப்பர்களுக்கான வெசினா கோப்பையை வாங்கினார். அவருக்கு அது ஏழாவது. 1970 இறுதிச்சுற்றில் பக் நெற்றியில் பட்டு மயங்கி விழுந்தார், முகமூடி உடைந்துவிட்டது. அது இல்லாவிட்டால் உயிர் போயிருக்கும் என்று அவரே சொன்னார். அப்புறம் டொரன்டோ, பாஸ்டன், எட்மன்டன்.

கேள்வி: அவர் யாருக்காவது கற்றுக்கொடுத்தாரா ஐயா? என் மகன் கோல்கீப்பர் ஆக ஆசைப்படுகிறான், அதனால் கேட்கிறேன்.

தாராளமாக. டொரன்டோவில் தன்னோடு இருந்த பெர்னி பேரன்ட்டுக்குச் சொல்லிக்கொடுத்தார். பேரன்ட் 1974, 1975 இரண்டு வருடமும் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஸ்டான்லி கோப்பை வாங்கித் தந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1972 கதை. கனடாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் தொடர், முதல் ஆட்டம் மான்ட்ரியலில். ஆட்டத்துக்கு முன் பிளான்ட் சோவியத் அணியின் உடைமாற்றும் அறைக்குப் போய், 20 வயது விளாதிஸ்லாவ் ட்ரெட்டியாக்குக்குக் கனடாவின் ஒவ்வொரு ஆட்டக்காரரும் எப்படி அடிப்பார், எங்கே நிற்க வேண்டும் என்று பலகையில் வரைந்து காட்டினார். பையன் பாவம், அடி வாங்கப்போகிறான் என்ற பரிவாக இருக்கலாம். சோவியத் 7–3 என்று ஜெயித்தது!

உங்கள் மகனுக்கு ஒன்று சொல்வேன்: நன்றாகச் சறுக்கப் பழகச் சொல்லுங்கள். நிற்பவர்தானே என்று நினைத்துச் சறுக்கத் தெரியாதவர்களைக் கோலில் நிறுத்துவது பெரிய தப்பு.

கேள்வி: கடைசிக் காலம்?

சுவிட்சர்லாந்தில் குடியேறினார். 1978இல் ஹாக்கி புகழ் மன்றத்தில் சேர்த்தார்கள். 1986 பிப்ரவரியில் ஜெனீவாவில் வயிற்றுப் புற்றுநோயால் காலமானார். அவருடைய 1ஆம் எண் சட்டையை 1995இல் கனேடியன்ஸ் ஓய்வுபெறச் செய்தது, அதாவது அந்த எண்ணை இனி அணியில் வேறு யாருக்கும் தருவதில்லை என்று கௌரவித்தது. இவ்வளவு தாமதம் எனக்கு நியாயமாகப் படவில்லை.

கேள்வி: அடுத்த வாரம் முதன்முறையாக ஒரு என்.எச்.எல். ஆட்டம் பார்க்கப்போகிறேன். கோல்கீப்பரிடம் எதைப் பார்க்க வேண்டும்?

பக் வலைக்குப் பின்னால் போகும்போது கோல்கீப்பரைப் பாருங்கள். வெளியே வந்து நிறுத்துகிறாரா, யாருக்குத் தள்ளுகிறார் என்று கவனியுங்கள். வலைக்குப் பின்னால் ஐஸில் சாய்ந்த இரண்டு கோடுகள் போட்டிருப்பார்கள். 2005இல் வந்த விதி அது. கோல்கோட்டுக்குப் பின்னால், அந்தக் கோடுகளுக்கு வெளியே கோல்கீப்பர் பக்கைத் தொட்டால் தண்டனை. மார்ட்டின் பிரோடர் போன்ற பிற்காலக் கோல்கீப்பர்கள் இந்த வேலையில் அவ்வளவு தேறிவிட்டதால் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. டிவியில் பார்ப்பதானால் கேமரா பக்கின் பின்னாலேயே போய்விடும், இதெல்லாம் பாதிதான் தெரியும். முடிந்தால் அரங்கத்தில் கோலுக்குப் பின்பக்கம், கொஞ்சம் உயரத்தில் டிக்கெட் எடுங்கள்.