வீட்டிலேயே நீமோ மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து விற்க முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: உங்களுக்கு வேலை இருக்கிறது. மாடியில் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது. மனைவியும் வீட்டில்தான் இருக்கிறார். நாலைந்து தொட்டி வாங்கிப் போட்டு நீமோ மீனை இனப்பெருக்கம் செய்தால் அவருக்கும் பொழுது போகும், மாதம் ஒரு தொகையும் வரும். எவ்வளவு முதலீடு ஆகும்?

முதலீட்டுக்கு அப்புறம் வருகிறேன். பொழுது போகும் என்றீர்களே, அது நிச்சயம். தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மாடியில் பல வருஷமாக இதைச் செய்கிறவள் நான். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். ஆரம்பத்தில் அவரும் உங்களைப் போலத்தான் ஒரு நோட்டில் கணக்குப் போட்டார். ஒரு தடவைக்கு இத்தனை நூறு முட்டை, மாதம் இரண்டு தடவை, ஒரு குஞ்சுக்கு இவ்வளவு ரூபாய். அந்த நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. குஞ்சுக்கு யார் தீனி வளர்ப்பது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

எளிதான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் நீமோ என்று விற்பது பெரும்பாலும் ஒசிலாரிஸ் என்கிற கோமாளி மீன். இதில் எல்லாக் குஞ்சும் வளரும்போது ஆண்தான். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடும், அடுத்த பெரியது அதற்கு ஆண், மற்றதெல்லாம் அடங்கி ஒடுங்கிச் சின்னதாகவே கிடக்கும். அந்தப் பெண் செத்துப்போனால் ஆண் பெண்ணாக மாறிக்கொள்ளும். சுத்தமான பொம்பளை ராஜ்ஜியம். அதனால் விரல் நகம் அளவு குஞ்சைக் காட்டி "ஆண் பெண் பார்த்துத் தர்றோம்" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். பெரிதும் சிறிதுமாக இரண்டு குஞ்சு வாங்கி ஒரே தொட்டியில் விட்டால் அவையே பேசி முடித்துக்கொள்ளும். முட்டைக்கு வர ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம். கடலில் இது ஒண்டி வாழும் கடல்சாமந்தி என்ற உயிரி வேண்டும் என்பார்கள், வேண்டாம். ஒரு மண்சட்டியைச் சாய்த்து வைத்தால் அதிலேயே குடித்தனம் நடத்தும்.

முட்டை போட ஆரம்பித்தால் கிட்டத்தட்ட இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொண்டே இருக்கும். முதல் சில தடவை பெற்றதுகளே தின்றுவிடும், பதற வேண்டாம். முட்டை முதலில் நல்ல ஆரஞ்சு நிறத்தில் சட்டியில் பாய் விரித்த மாதிரி ஒட்டியிருக்கும். ஆண் மீன் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறும், கெட்டுப்போன முட்டையை வாயால் பொறுக்கி எடுக்கும். நாள் போகப்போக நிறம் மங்கிப் பழுப்பாகும், ஆறாம் நாளுக்கு மேல் ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு வெள்ளிப் புள்ளி மின்னும். அதுதான் கண். எங்கள் வீட்டில் இதைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என் அத்தை, அதாவது மாமியார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்து "ஏளா, இன்னைக்கு முழிச்சிட்டு, ராத்திரி வந்துரும்" என்பார். பெரும்பாலும் வந்துவிடும்.

பொரிப்பது ராத்திரிதான். விளக்கணைத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில். அன்றைக்குச் சாயங்காலமே சட்டியைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல், ஒரு பாத்திரத்துக்குள் முழுக வைத்தபடியே குஞ்சுத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஆண் விசிறும் வேலையை இனி ஏர் ஸ்டோன், அதாவது காற்றுக் குமிழி விடும் கல், பார்க்கும். குமிழி முட்டையை உரசிக்கொண்டு போகிற மாதிரி வைக்க வேண்டும். தொட்டியின் நாலு பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணாடியில் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்துக் குஞ்சுகள் முட்டி முட்டியே செத்துப்போகும். பத்து மணிக்கு மேல் டார்ச்சைக் கையால் மூடிக்கொண்டு விரலிடுக்கில் விட்ட வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீருக்குள் மூன்று நாலு மில்லிமீட்டரில் கண்ணாடித் துண்டு மாதிரி, கண் மட்டும் தெரிகிற உருவங்கள் துடித்துக்கொண்டு மேலே வரும். இதை முதல் தடவை பார்த்த ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

யூடியூபில் இந்த இடத்தில் பாட்டுப் போட்டு முடித்துவிடுவார்கள். வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தக் குஞ்சின் வாய்க்கு ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர் இறாலின் குஞ்சுகூடப் பெரிது. தூள் தீனியை நம்பவும் முடியாது. கண் முன்னால் அசைகிற ஒன்றைத்தான் அது இரை என்று எடுத்துக்கொள்ளும். கால் மில்லிமீட்டருக்கும் சின்னதாக ரோட்டிஃபர் என்று ஓர் உயிரி இருக்கிறது, அதைத்தான் கொடுக்க வேண்டும். ரோட்டிஃபருக்குத் தீனி நுண்பாசி. நானோகுளோராப்சிஸ் என்பது அதன் பெயர். ஆக மீன் வளர்க்க ரோட்டிஃபர், ரோட்டிஃபர் வளர்க்கப் பாசி, பாசி வளர்க்க உரம், வெளிச்சம், சுத்தம் செய்த கடல் தண்ணீர். முட்டை வந்த பிறகு இதையெல்லாம் ஆரம்பிக்க முடியாது. குஞ்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருஷம் முழுக்க இவற்றை உயிரோடு வைத்திருக்க வேண்டும். நீங்கள் வளர்க்கப்போவது முக்கால்வாசி பாசியும் ரோட்டிஃபரும்தான்.

காலையில் நான் போகும் வரிசை மாறவே கூடாது. முதலில் பாசி. பச்சை வெளுத்திருக்கிறதா, அடியில் படிந்திருக்கிறதா, கலக்கி விட வேண்டும். அதற்கப்புறம்தான் ரோட்டிஃபர். ரோட்டிஃபர் தொட்டியில் நனைந்த கையையோ குழாயையோ பாசிக் குடுவையில் வைத்தால் போச்சு, ஒரு சொட்டில் போன உயிரி சில நாளில் குடுவையையே தின்று வெளுக்க வைத்துவிடும். அதனால் இரண்டுக்கும் வலை வேறு, மக் வேறு, துணி வேறு. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் ரோட்டிஃபர் தண்ணீரை மொண்டு டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்தால் வெள்ளைத் தூசி நீந்துவது தெரியும். தூசி அடர்த்தியாக இருந்தால் கால்வாசியை எடுத்து வடிகட்டிக் குஞ்சுக்கு விடலாம். மேலே நுரை கட்டி, ஒரு மாதிரி வாடை வந்தால் அந்தத் தொட்டியில் இருப்பது அன்றைக்கே மொத்தமாகச் சாகப்போகிறது என்று அர்த்தம். அதற்காகத்தான் கீழே அடுப்படி ஜன்னலில் இன்னொரு பாட்டில் ரோட்டிஃபர் தனியாக வைத்திருக்கிறேன். அத்தைக்கு அந்தப் பாட்டில் மேல் இன்றைக்கும் கோபம் உண்டு.

நாலைந்து நாள் போனால் ஆர்ட்டீமியா கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். அதன் முட்டையை உப்புத்தண்ணீரில் காற்றோடு போட்டால் ஒரு நாளில் பொரிக்கும். வெறும் ஓடு மேலே மிதக்கும், உயிருள்ளது வெளிச்சம் இருக்கும் பக்கம் வரும், அதை மட்டும் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஓடு கலந்து போனால் குஞ்சு அதையும் விழுங்கிக் குடல் அடைத்துச் சாகும். பத்துப் பன்னிரண்டாம் நாளை ஒட்டித் தலைக்குப் பின்னால் முதல் வெள்ளை வரி விழும், மிதந்து திரிந்தது கீழே இறங்க ஆரம்பிக்கும். இந்தக் கட்டத்தில் ஒரு கும்பல் சாகும். அதைத் தாண்டினால் பிழைத்த மாதிரிதான். விற்கிற அளவுக்கு வர மூன்று நாலு மாதம்.

இதற்குக் கீழே ஒருவர் நிச்சயம் வந்து "நான் வேகவைத்த முட்டைக்கருவைக் கரைத்து ஊற்றியே வளர்த்தேன்" என்று எழுதுவார். நன்னீர் மீனில் செய்திருப்பார். கோமாளி மீன் குஞ்சுத் தொட்டியில் ஊற்றினால் மறுநாள் அம்மோனியா ஏறி மொத்தமும் காலி. இன்னொருவர் "எங்கள் ஊரில் கடல் இல்லை, செயற்கை உப்பில் செய்கிறேன்" என்பார். தாராளமாகச் செய்யலாம், செலவு கூடும், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த படகுக்காரர் ஆழ்கடல் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து தருகிறார். கரைத் தண்ணீரை நான் எடுப்பதில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் அதன் உப்பு இறங்கிவிடும். எந்தத் தண்ணீரானாலும் ப்ளீச்சிங் பவுடர் போட்டு, அதன் குளோரினை ஹைப்போ என்கிற உப்பால் முறித்து, வடிகட்டித்தான் பயன்படுத்த வேண்டும். வெயில் காலத்தில் தொட்டி ஆவியாகிக் குறையும்போது உப்பில்லாத நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாவதில்லை.

கரண்ட்டைச் சொல்ல மறந்துவிடப் போகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று எல்லாரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். இன்வர்ட்டர் முதல் ராத்திரியே தீர்ந்தது. தூண்டில்காரர்கள் உயிர் இரைக்கு வைத்திருக்கும் பேட்டரி பம்பு ஒன்று இருந்தது, அதை ஜோடி இருந்த தொட்டிக்குக் கொடுத்தோம். மற்ற தொட்டிகளுக்கு நானும் அத்தையும் மாற்றி மாற்றி மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். ஜோடி பிழைத்தது. குஞ்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கீழே தெருவில் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை, இதில் மீனுக்கு மக்கில் ஊற்றுகிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னது காதில் விழுந்தது. சொல்லட்டும்.

விற்பனை. ஒரு குஞ்சுக்குக் கடைக்காரர் எனக்குத் தந்தது 150லிருந்து 200 ரூபாய். வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் "வீட்டு மீன், கலர் கம்மி" என்று பேரம் பேசி வாங்கிப்போய், அதே மீனை "இம்போர்ட்டட்" என்று எழுதி இரண்டு மடங்குக்கு மேல் விற்றார். வரி கோணலாக இருந்த மீன் அது, எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? தொட்டியில் முட்டையிலிருந்து வந்த மீன், பவளத்திட்டில் பிடித்து வெளிநாட்டிலிருந்து வந்த மீனைவிடத் தொட்டிக்கும் தீனிக்கும் நன்றாகப் பழகியிருக்கும் என்பதை அவரும் அறிவார்.

இதைவிட எரிச்சல் போன். மீன் வேண்டும் என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் என் குரல் கேட்டதும் "சார் இருக்காரா மேடம்?" என்பார்கள். சாருக்குத் தண்ணீரின் உப்பு பார்க்கும் ரீஃப்ராக்டோமீட்டரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது, பாவம். ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். ரோட்டிஃபரைப் பற்றிப் படம் எல்லாம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மேடையில் கேட்ட முதல் கேள்வி, "குடும்பத்தையும் இதையும் எப்படிச் சமாளிக்கிறீங்க?" எனக்கு முன்னால் இறால் பண்ணை நடத்துகிற ஒருவர் பேசினார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது, யாரும் கேட்கவில்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டி அழகாக இருக்க உயிருள்ள பவளம் வைக்கலாம் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். கடினப் பவளமும் கடற்குதிரையும் 2001லிருந்தே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986ல் அறிவித்த தேசியப் பூங்கா இருக்கிறது, அங்கே போய் மீனோ கல்லோ எடுத்துவரலாம் என்ற யோசனையே வேண்டாம். ஜோடியைக் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்ததாக வாங்குங்கள்.

இப்போது முதலீடு. தொகை சொல்ல மாட்டேன், ஊருக்கு ஊர் மாறும். தொட்டிக்கு ஆகும் செலவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது ஒரு தடவையோடு முடியும். ஆர்ட்டீமியா டின் ஒன்று சில ஆயிரம், தீர்ந்துகொண்டே இருக்கும். இன்வர்ட்டர் பேட்டரியும் கரண்ட் பில்லும் அதே கதை. இவற்றைக் கழித்து எனக்கு மாதம் கையில் நிற்பது மளிகைக்குப் போதும், வீட்டு வாடகைக்குப் போதாது. உங்கள் கணக்கில் இன்னொரு செலவைச் சேருங்கள்: பாசிக்கும் ரோட்டிஃபருக்கும் தீபாவளி, கல்யாணம், காய்ச்சல் எதுவும் கிடையாது. என் தங்கை வளைகாப்புக்கே முட்டைக்கு எப்போது கண் வரும் என்று பார்த்துத்தான் டிக்கெட் போட்டேன். இந்த வேலையை எடுத்துக்கொள்ளப் போகிறவர் உங்கள் மனைவி. அவரிடம் கேட்டதாகக் கேள்வியில் எங்கேயும் இல்லை.

அவருக்கு இஷ்டம் என்றால் குஞ்சு பொரிப்பதில் ஆரம்பிக்க வேண்டாம். வரி விழுந்த குஞ்சுகளைப் பொரிப்பகத்திலிருந்து வாங்கி, விற்கிற அளவுக்கு வளர்த்துக் கொடுப்பது தனித் தொழில். பாசி, ரோட்டிஃபர் தொல்லை கிடையாது, இரண்டு நாள் ஊருக்குப் போனாலும் வேறு யாராவது தீனி போட்டுவிடலாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. கோமாளி மீனைப் பொரிக்க வைப்பதில் நம் நாட்டில் முன்னால் நிற்பவர்கள் அவர்கள். பயிற்சி எப்போது என்று விசாரித்து அவர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்.

எனக்கு உள்பெட்டியில் "ஒரு ஜோடி சும்மா அனுப்புங்க" என்று எழுதாதீர்கள், இப்போதைக்கு விற்கவும் இல்லை. ரோட்டிஃபர் வேண்டுமென்றால் தூத்துக்குடி வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். பெரிய பாட்டிலாகக் கொண்டுவாருங்கள். பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றித் தர மாட்டேன், மேலே காற்று நிற்க வேண்டும். பஸ்ஸில் என்ஜின் பக்கம் மட்டும் வைக்காதீர்கள்.