திறந்த பாடநூலுக்கு மாறியும் சராசரி மதிப்பெண் மாறவில்லையெனில்

வணக்கம். சென்ற பருவத்தில் விலைகொடுத்து வாங்கும் பாடநூல், இப்பருவத்தில் திறந்த பாடநூல் (எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக்கூடியது) என இரு வகுப்புகளின் சராசரியை ஒப்பிட்டும் வேறுபாடு தெரியவில்லை, ஆய்வு வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணில்லை. பழைய நூலை வாங்க முடிந்தவர்களுக்கு நூல் மாறியதால் மட்டும் மதிப்பெண் கூடக் காரணமில்லை. வாங்க இயலாத சிலரிடம் தெரியக்கூடிய பலனோ மொத்தச் சராசரியில் கரைந்துவிடும். ஆகவே அவர்களைத் தனியே பிரித்து, தேர்ச்சி பெறாதோர், பாடத்தை இடையில் கைவிட்டோர் விகிதங்களையும் பாருங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, நிதியுதவிக்குத் தகுதியுடைய மாணவர்களை அவ்வாறுதான் பிரித்துப் பார்த்தது. இடையில் ஆசிரியரோ வினாத்தாளோ மாறியிருந்தால் (பலரும் குறிப்பிடாமல் விடுவது இது) ஒப்பீடே நிற்காது. மேலும், வேறுபாடு புலப்படவில்லை என்பதை இரண்டும் சமம் என்று எழுதிவிடாதீர்கள். அப்படிச் சொல்ல, வேறுபாடு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சிறியதா என்று பார்க்கும் சமானச் சோதனை தனியாகத் தேவை.