நாள் குறிப்பது

வணக்கம் ஐயா,

சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு முள்ளெலி இருக்கிறது. ஈப்போவில் வாங்கினோம், இரண்டு வயது ஆகிறது. பெயர் ரம்புத்தான், எட்டு வயதுத் தம்பி வைத்தது. எட்டு மாதத்துக்கு முன் அதன் பின்னங்கால் தள்ளாட ஆரம்பித்தது. தண்ணி போட்டவன் மாதிரி நடக்கிறான் என்று முதலில் சிரித்தோம். இப்போது பின்னங்கால் இரண்டும் வெறுமனே இழுபடுகின்றன, முன்னங்காலும் ஆடுகிறது. சுருண்டுகொள்ள முடியவில்லை. 420 கிராம் இருந்தது 265 ஆகிவிட்டது. பூனைத் தீனியை ஊறவைத்து அரைத்து, மூன்று மணிக்கு ஒருமுறை சிரிஞ்சில் கொடுக்கிறேன். ஈப்போ டாக்டர், "வாப்ளி ஹெட்ஜ்ஹாக் சிண்ட்ரோமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம்" என்கிறார். உறுதியாகத் தெரியாமல் எப்படி ஐயா? அம்மாவோ, "கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம், சாவுக்கு நாள் குறிக்கலாமா? வாயில்லா ஜீவனைக் கொன்றால் பாவம், அது நேரம் வந்தால் தானா போகும்" என்கிறார். உங்கள் வீட்டிலும் முள்ளெலி இருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

க.

அன்புள்ள க.,

நானாக இருந்தால் இந்த வாரத்திலேயே ஒரு நாளைக் குறித்துவிடுவேன். பதிலை முதலில் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் பேசலாம்.

இதைப் படித்துவிட்டு யாராவது, "அது முள்ளம்பன்றிதானே, அதையா வீட்டில் வளர்க்கிறார்கள்" என்று எழுதுவார்கள். மலாய் மொழியில் இரண்டையுமே லண்டாக் என்பதால் வரும் குழப்பம் இது. தோட்டத்தில் செம்பனைக் கன்றின் குருத்தைக் கடித்துவிட்டுப் போகும் லண்டாக்தான் முள்ளம்பன்றி. ரம்புத்தான் ஆப்பிரிக்கக் குள்ள முள்ளெலி. பெயரில் மட்டும்தான் எலி, உண்மையில் பூச்சி புழு தின்னும் வேறு இனம். அதன் தாயாதி ஒன்று தமிழ்நாட்டுத் தென்மாவட்டங்களின் பொட்டல் காடுகளில் உண்டு. கக்குவான் இருமலுக்கு அதன் முள்ளைச் சுட்டுப் பொடித்துத் தேனில் குழைத்துத் தருவார்கள் என்று என் தாத்தா சொல்வார். மனிதனிடம் அகப்பட்டு அதற்கு என்றைக்குமே நல்லது நடந்ததில்லை போலிருக்கிறது.

சரி, உங்கள் டாக்டருக்கு வருவோம். "உறுதியாகச் சொல்ல முடியாது" என்றதும் அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு அவர் மேல் மரியாதைதான் கூடுகிறது. நரம்பைச் சுற்றியிருக்கும் உறை உள்ளுக்குள் ஓட்டை விழுந்து சிதைவதுதான் இந்த நோய். அதை உறுதிப்படுத்த வேண்டும் என்றால் மூளையையும் தண்டுவடத்தையும் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது அது நடக்காது. அதனால், உறுதியாகத் தெரிந்த பிறகு முடிவெடுக்கிறேன் என்று நீங்கள் சொல்வது, செத்த பிறகு முடிவெடுக்கிறேன் என்பதற்குச் சமம்.

சந்தேகப்பட வேறு காரணங்களும் உண்டு. குளிர் தாக்கினால் முள்ளெலி தள்ளாடும், விறைத்துப் போய்ப் படுத்துவிடும். நம் ஊரில் ஏது குளிர் என்பீர்கள். ராத்திரி முழுக்க ஏர்கோன் ஓடும் அறையில் கூண்டை வைத்திருந்தால் போதும். ஆனால் அது சூடுபடுத்தினால் தெளிந்துவிடும், எட்டு மாதம் நீடிக்காது. முதுகெலும்பு வட்டு நழுவினாலும், மூளையில் கட்டி வந்தாலும் கால் போகும். அவற்றையும் டாக்டர் யோசித்திருப்பார், ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி நீங்கள் எழுதியிருப்பது இந்த நோயின் வழக்கமான போக்குத்தான். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் ஆரம்பிக்கும், பின்னங்காலில் தொடங்கி மேலே ஏறும், எடை இறங்கும். மருந்து கிடையாது. நீங்கள் ஏதோ தப்பாகத் தீனி கொடுத்ததால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பரம்பரையாக வருவது என்றுதான் சந்தேகிக்கிறார்கள்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், கால் போன பிறகும் பெரும்பாலும் பசி போகாது. சிரிஞ்சைக் கொண்டு போனால் வாயைத் திறக்கும். "பாரு, சாப்பிடுறான், வாழணும்னு ஆசை இருக்கு" என்று உங்கள் அம்மா சொல்லியிருப்பார். சொல்லாவிட்டாலும் நீங்கள் மனதுக்குள் சொல்லியிருப்பீர்கள். நான் சொல்லியிருக்கிறேன். வாய் திறப்பதை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். இந்தப் பிராணி வலித்தாலும் பெரும்பாலும் கத்தாது. காட்டில் கத்தினால் இன்னொன்று வந்து தூக்கிக்கொண்டு போய்விடும், அந்தப் பழக்கம். அது ராத்திரியில் திரியும் ஜீவன், அதனால் பகலில் தூங்குவதைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு விளக்கைத் தணித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். தானாக நகர்கிறதா, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போக முடிகிறதா, தன் மூத்திரத்திலேயே கிடக்கிறதா. மளிகைக்கடைக் காலண்டரில் நல்ல ராத்திரிக்கு ஒரு வட்டம், கெட்ட ராத்திரிக்கு ஒரு கோடு போட்டு வந்தேன் நான். கோடுகள் வரிசையாக விழ ஆரம்பித்த பிறகும் பன்னிரண்டு நாள் இழுத்தடித்தேன். அந்தக் கதைக்கு வருகிறேன்.

அதற்கு முன், அம்மா சொல்லும் பாவத்தைப் பற்றி. கோழிக்கறி வாதத்தை மட்டும் அம்மாவிடம் வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கோழி சாப்பிடுகிறோமே, அது பாவமில்லையா என்று கேட்டால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும், ரம்புத்தான் அப்படியேதான் கிடக்கும். அம்மா சொல்வது வெறும் மூடநம்பிக்கை என்றும் நான் நினைக்கவில்லை. நானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன்தான்.

நாங்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தபோது மாடு வைத்திருந்தோம். 1978 என்று நினைவு, எனக்குப் பத்து வயது. மழை நேரம், எங்கள் பசு பெரிய கானில், அதாவது வடிகாலில், சறுக்கி விழுந்து முன்னங்காலை முறித்துக்கொண்டது. ஆறு பேர் கயிறு கட்டித் தூக்கி, கொட்டகையில் கொண்டுவந்து போட்டார்கள். எழுந்து நிற்கவில்லை. டவுனில் இருந்து இறைச்சிக்காரர் வந்து விலை கேட்டார், அப்பா விரட்டிவிட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் (மருத்துவ உதவியாளர்) வந்து பார்த்துவிட்டு, வெட்டனரியைக் கூப்பிட்டு ஊசி போட்டுவிடச் சொன்னார். அம்மா, "பசுவை நாமே கொல்றதா? ஏழு தலைமுறைக்கும் ஆகாது, அது தானா போகட்டும்" என்றார். தானாகப் போக ஒன்பது நாள் ஆனது. கீழே அழுத்திக் கிடந்த விலாவில் புண் வந்து புழு வைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு வேலை, வேப்பங்கொத்தை வைத்துக்கொண்டு காக்காய் விரட்டுவது. அது கண்ணைக் கொத்த வரும். பசு தலையைக்கூட அசைக்காது, காதை மட்டும் ஒரு தரம் ஆட்டும். அப்பா கஞ்சி கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றுவார். நீங்கள் சிரிஞ்சைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு அந்த மூங்கில் குழாய்தான் ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டில் யார் கையிலும் பாவம் ஒட்டவில்லை. அதற்கான ஒன்பது நாள் கூலியைப் பசு கொடுத்தது.

இந்த விஷயத்துக்குத் தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் சொல்லும் சரியில்லை. கருணைக்கொலை என்கிறோம். முன்னால் எத்தனை கருணையைச் சேர்த்தாலும் அம்மா காதில் விழுவது பின்னால் இருக்கும் கொலைதான். ஆங்கிலத்தில் இருந்து வந்த "தூங்க வைப்பது" அதற்கு நேர் எதிர்ப் பொய். முக்கியமாகத் தம்பியிடம் அதைச் சொல்லாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளை அன்று ராத்திரி தூங்கப் பயப்படும். "ரம்புத்தானுக்குக் குணமாகாது, வலிக்காமல் சாகிற மாதிரி டாக்டர் ஊசி போடுவார்" என்று நேராகச் சொல்லுங்கள். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள்.

என் மகள் ஜொகூருக்குப் படிக்கப் போனபோது என்னிடம் விட்டுப் போன முள்ளெலிதான் மிளகு. நான்கு வயதில் வாயில் கட்டி வந்தது. வயதான முள்ளெலிகளுக்குப் புற்றுக்கட்டி சகஜம். முதலில் போன கிளினிக்கில், "எலிக்கு எதுக்கு சார் இவ்வளவு செலவு, புதுசு ஒன்று வாங்கிக்குங்க" என்றார்கள். இரண்டாவது இடத்தில் ஓர் இளம்பெண் டாக்டர் பொறுமையாகப் பார்த்து, நாளைத் தள்ளாதீர்கள் என்றார். நான் தள்ளினேன். மகள் விடுமுறையில் வரட்டும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். மகளே போனில், "அப்பா, எனக்காக வச்சிருக்காதீங்க" என்று சொன்ன பிறகும் தள்ளினேன். கடைசி நான்கு நாள் சிரிஞ்சில் கொடுத்தது அப்படியே தாடை ஓரமாக வழிந்தது, ரத்தமும் சேர்ந்து. அந்தப் பன்னிரண்டு நாளை நான் எனக்காகத்தான் எடுத்துக்கொண்டேன், மிளகுக்கு அதில் ஒரு நாள்கூட இல்லை.

அங்கே என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பாதிப் பயம், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன். முள்ளெலிக்கு நேராக ஊசி போட மாட்டார்கள், பயந்தால் பந்தாகச் சுருண்டுவிடும். முதலில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் விட்டு மயக்க வாயு செலுத்துவார்கள், அல்லது முகத்தில் சின்ன மூடி வைப்பார்கள். உங்கள் டாக்டரிடம் அந்த வசதி இருக்கிறதா, இதற்கு முன் முள்ளெலிக்குச் செய்திருக்கிறாரா என்று போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு போங்கள். இல்லை என்றால் இருக்கும் இடத்தை அவரிடமே கேளுங்கள். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் செர்டாங்கில் பூத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, ஆனால் இந்த நிலையில் அவ்வளவு தூரம் அதைக் குலுக்கிக்கொண்டு போவது எனக்குச் சம்மதமில்லை. மிளகு பெட்டிக்குள் போனதும் சுருண்டது. கொஞ்ச நேரத்தில் முள் ஒவ்வொன்றாகப் படிந்து, உடம்பு மெதுவாக விரிந்து, வயிற்றை மேலே காட்டிக்கொண்டு நீட்டிப் படுத்தது. ஒன்றரை வருடம் வளர்த்தும் அதன் வயிற்றை முழுதாக அன்றைக்குத்தான் பார்த்தேன், வெள்ளையாக, பஞ்சு மாதிரி. கடைசி ஊசியை அப்புறம்தான் போட்டார்கள், நன்றாக மயங்கிய பிறகு. அதிக அளவு மயக்க மருந்துதான் அது. மூச்சு நின்று, இதயமும் நிற்கும். கண் மூடாமல் இருக்கலாம், உடம்பு ஒரு தரம் உதறலாம், பயந்துவிடாதீர்கள், அதற்கு அப்போது எதுவும் தெரியாது.

வீட்டிலேயே முடித்துவிடலாம், ஐஸ்பெட்டியில் வைத்தால் தூங்கிப்போகும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது சித்திரவதை. வலிக்குப் பனடோல் கொடுக்கவும் வேண்டாம்.

புதைக்கும் இடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் வாசல் முழுக்க சிமெண்டு, பிடி மண் கிடையாது. நான் பழைய தோட்டத்து ஓரம், செம்பனை வரிசைக்கு வெளியே புதைத்தேன். இரண்டடியாவது தோண்டி மேலே கல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பியாவாக் (உடும்பு) வந்து கிளறிவிடும்.

அம்மா கூட வர விரும்பினால் அழைத்துப் போங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். என் அம்மாவுக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. நான் மிளகை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சாமி அறைக்குள் போய்விட்டார். மண்வெட்டியோடு திரும்பி வந்தபோது கேட்டருகே ஒரு வாளித் தண்ணீரோடு நின்றிருந்தார், சாவு வீட்டில் இருந்து வருகிறவர்களுக்கு வைப்பது போல. ஒன்றும் கேட்கவில்லை. காலில் தண்ணீரை ஊற்றிவிட்டு, "பாத்து வா, வழுக்கும்" என்றார்.