வெதுவெதுப்பான போர் தண்ணீரும் ஹீலியம் சோதனையும்

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் 1,000 அடி போர். தண்ணீர் வெதுவெதுப்பாக, குமிழியோடு வருகிறது. அடியில் எரிமலைக் குழம்பு இருக்குமோ என்று ஊரில் பேச்சு. ஹீலியம் ஐசோடோப் (ஒரே தனிமத்தின் வேறு எடை அணுக்கள்) சோதனையில் தெரியுமாமே, மாதிரி எப்படிப் பிடிப்பது?

பதில்: முதலில் சூட்டைப் பாருங்கள். நம் பக்கத்துப் பழம்பாறையில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 15 முதல் 25 டிகிரி வரை ஏறலாம். 1,000 அடி என்பது 305 மீட்டர். ஐந்து முதல் ஏழு டிகிரி கூடினால் அதிசயமில்லை. மோட்டாரை அரை மணி ஓடவிட்டு, போர் வாயிலேயே அளக்க வேண்டும். வெயிலில் கிடக்கும் கருப்பு ஓஸ் தண்ணீரில் அளந்தால் எரிமலைதான் தெரியும்!

குமிழி பெரும்பாலும் காற்றுதான். தண்ணீர் மட்டம் மோட்டார் வரை இறங்கினால் அது காற்றையும் சேர்த்து இழுக்கும்.

இனி ஹீலியம். பூமி உருவானபோதே ஆழத்தில் அடைபட்டது ஹீலியம்-3. யுரேனியமும் தோரியமும் சிதையச் சிதையப் பாறையில் பிறப்பது ஹீலியம்-4. ஹீலியம்-4-ஐ ஒப்பிட ஹீலியம்-3 எவ்வளவு என்ற விகிதம் உயர்ந்திருந்தால் அது ஆழத்துக் குழம்பின் அடையாளம். காற்றிலுள்ள அந்த விகிதத்தை 1 என்று வைத்தால், நடுக்கடல் எரிமலைப் பாறையில் அது சுமார் 8, பழைய கண்டப் பாறையில் சுமார் 0.02. ஜப்பானின் ஒன்டாக்கே எரிமலை 2014-இல் வெடிப்பதற்கு முந்தைய பத்தாண்டில், அருகிலிருந்த வெந்நீர் ஊற்றில் இந்த விகிதம் ஏறிக்கொண்டே வந்தது.

ஓகேனக்கல்லில் கார்பனடைட் (கார்பனேட் நிறைந்த குழம்பு உறைந்த பாறை) இருக்கிறதே என்பீர்கள். அந்தக் குழம்பு உறைந்து சுமார் 240 கோடி ஆண்டு ஆயிற்று. அது கொண்டுவந்த ஹீலியம்-3, பின்னால் பிறந்த ஹீலியம்-4-இல் மூழ்கிப்போயிருக்கும்.

மாதிரி கெடுவது காற்றால்தான். கம்ப்ரசர் போர் என்றால் சோதனையே வேண்டாம், உள்ளே போவதே காற்று. பிளாஸ்டிக் பாட்டிலில் ஹீலியம் நிற்காது, சாதாரணக் கண்ணாடியிலும் கசியும். ஏசி மெக்கானிக் வைத்திருக்கும் 3/8 இன்ச் காப்பர் டியூப் வேண்டும். ஆறரை இன்ச் போரில் அடிக்கு 6.5 லிட்டர் தண்ணீர் நிற்கும். நிற்கும் தண்ணீரைப்போல மூன்று மடங்கை வெளியேற்றிய பிறகே பிடிக்க வேண்டும். கேட் வால்வைப் பாதி மூடி மெதுவாக ஓட்டினால் மட்டம் இறங்காது. டியூப்பைச் செங்குத்தாகப் பிடித்து, கீழிருந்து மேலாகத் தண்ணீர் விடுங்கள். இரு முனையிலும் கண்ணாடிபோல் தெரியும் ஓஸ் போட்டால் குமிழி கண்ணில் படும். ஸ்பேனரால் டியூப்பைத் தட்டுங்கள், ஒட்டியிருக்கும் குமிழிகள் விட்டுப்போகும். வெளியேறும் முனையின் கிளாம்ப்பை முதலில், உள்வரும் முனையை அடுத்து, டியூப் நசுங்கி ஒட்டும்வரை இறுக்குங்கள்.

ரிப்போர்ட்டில் ஹீலியம்-4-க்கும் நியான்-20-க்கும் உள்ள விகிதத்தை முதலில் தேடுங்கள். காற்றில் அது 0.32. உங்களுக்கும் அதையொட்டி வந்தால், ஹீலியம் விகிதம் 1 என்று இருந்தாலும் அது காற்றின் கணக்குதான். கார்பன் டை ஆக்சைடின் கார்பன்-13 எண் (பொது அளவுகோலைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு கூட, குறைய என்பது) −6 என்று வந்தால் உடனே ஆழத்துக் குழம்பு என்று துள்ள வேண்டாம்; சுண்ணாம்பின் 0-வும் மட்கின் −25-உம் கலந்தாலும் அதே எண் வரும்.

ஆய்வகத்துக்குப் பணம் கட்டுமுன் ஃபுளூரைடு பார்த்துவிடுங்கள். பாறையில் நெடுநாள் ஊறிய ஆழ்துளைத் தண்ணீரில் அதுதான் ஏறியிருக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க வேண்டாம்.